நாலு பேர் சேர்ந்தால் கூட்டம்

"நாலு பேர்," என்றார் ஹல்வர்சன். "நாலு பேர் சேர்ந்துட்டா அது கூட்டம்."

மார்லிஸ் கையைத் தூக்கினாள். ஐம்பத்து மூன்று வயதாகியும், வகுப்பு மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்தால் அவளுக்குக் கை தானாக மேலே போய்விடும்.

"எங்க சேர்ந்தா, சார்?"

"எங்க சேர்ந்தாலும்."

"கார்ல?"

ஹல்வர்சன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "கார்லயும்."

மார்லிஸ் கையை இறக்கினாள். அன்றைய பயிற்சிக்கு அவள் தன் காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். அவளையும் சேர்த்தால் நாலு.

ஏரிக்கரையிலிருக்கும் அந்த நகரத்தில் பூர்வகுடிகள் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. ஏழு உறுப்பினர்கள். சம்பளம் கிடையாது. நகராட்சிக் கட்டடத்தில் காரை இலவசமாக நிறுத்திக்கொள்ளலாம், ஒரு தண்ணீர் பாட்டில் தருவார்கள், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்குத்தான் அன்று மாலை பயிற்சி. மூன்றாவது மாடியில் நீள மேஜையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு நாற்காலி காலி. சொல்லிக்கொடுக்க வந்தவர் நகராட்சியின் சட்டப் பிரிவைச் சேர்ந்த ஹல்வர்சன். ஒல்லியான மனிதர். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நின்று பேசுகிறவர் மாதிரிதான் எப்போதும் பேசுவார்.

"ஏழு பேர்ல பாதிக்கு மேல, அதாவது நாலு பேர், குழு சம்பந்தமான விஷயத்தைப் பத்திப் பேசினா, அதை ஊருக்கெல்லாம் முன்கூட்டியே அறிவிச்சிருக்கணும். கதவு திறந்திருக்கணும். பேசினது பதிவாகணும். இல்லேன்னா சட்டவிரோதம். தெற்கே ஒரு ஊர்ல பூங்காக் குழு இருந்தது. நாலு பேர் சேர்ந்து ஒரு கடையில ஆப்பிள் பை சாப்பிட்டாங்க. சும்மாதான் சாப்பிட்டாங்க. அதுல ஒருத்தர் சன்னல் வழியாப் பார்த்துட்டு, 'அந்த மரத்தை வெட்டாம இருக்கலாம்'னார்."

"அப்புறம்?" என்றாள் மார்லிஸ்.

"மரத்தை வெட்டிட்டாங்க," என்றார் ஹல்வர்சன் மெதுவாக. "தீர்மானமே செல்லாமப் போச்சு."

மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த ராய்ஸ் தொண்டையைச் செருமினான். கூரை வேய்கிற தொழில் அவனுக்கு. பதினாறு வருடங்களுக்கு முன்பு வரை மார்லிஸின் புருஷன்.

"சாவு வீட்ல என்ன பண்றது, சார்? செத்தவரும் மெம்பரா இருந்தா, அவரையும் சேர்த்து எண்ணணுமா?"

ஹல்வர்சன் உண்மையிலேயே யோசித்தார். "வேண்டாம். அந்த இடம் காலியானதாக் கருதப்படும்."

ராய்ஸின் அக்கா ஓபல் மேஜைக்கு அடியில் தம்பியின் காலை மிதித்தாள். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நர்ஸாக இருப்பவள். மார்லிஸ் புருஷனை விட்டாளே தவிர, நாத்தனாரை விடவில்லை. அவர்களோடு காரில் வந்த நாலாவது ஆள் வின்ஸ்டன். மார்லிஸின் அக்கா மகன், வழியில் நின்றுபோன வண்டிகளை இழுத்துப் போகும் லாரி ஓட்டுகிறவன். நாற்காலியில் அவன் உட்கார்ந்தால் நாற்காலி வெளியே தெரியாது.

"நான் ஒருத்தர்கிட்ட சொல்லி, அவரு இன்னொருத்தர்கிட்ட சொல்லி, அப்படியே போனா?" என்று கேட்டான் வின்ஸ்டன்.

"அது தொடர் கூட்டம். அது இன்னும் மோசம்."

"அப்ப நம்ம சனங்க மத்தியில நடக்கிறது பூரா தொடர் கூட்டம்தான்," என்றாள் ஓபல். எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் ஹல்வர்சன் குரலை இன்னும் தாழ்த்தி, வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். முதல் கூட்டம். முதல் தீர்மானமே 'முனை'யைப் பற்றியது.

முனை என்பது ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு நிலம். நகரம் வருவதற்கு முன்னாலிருந்தே இவர்களுடைய ஓஜிப்வே பூர்வகுடி மக்கள் தங்கள் செத்தவர்களைப் புதைத்த இடம். இப்போது ஒரு ஹோட்டல் கம்பெனி அங்கே கார் நிறுத்த இடம் கேட்டிருந்தது. குழு கூடாது என்று சொன்னால் நகர மன்றம் கேட்டுக்கொள்ளும் என்று மேயரே சொல்லியிருந்தார்.

"அவங்களோட வக்கீல் கெட்டிக்காரர்," என்றார் ஹல்வர்சன். "காத்துக்கிட்டிருப்பார். ஆள் வெச்சுக்கூடப் பார்ப்பார். ஒரே ஒரு தப்பு போதும்."

மார்லிஸ் இருபத்திரண்டு வருடங்களாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஒரு தடவைகூட மஞ்சள் கோட்டைத் தாண்டியதில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது யாராவது பின்னால் ஹாரன் அடித்தால் விளக்கிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். அவள் அம்மாவுக்கு முன்னால் பிறந்து காய்ச்சலில் போன இரண்டு பிள்ளைகள் அந்த முனையில்தான் கிடந்தார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே போனவர்கள். தினமும் காலையில் பஸ் நிறையக் குழந்தைகளோடு அந்த இடத்தைக் கடக்கும்போது அவள் வேகத்தைக் குறைத்துவிடுவாள். எந்தக் குழந்தையும் ஏன் என்று கேட்டதில்லை.

என்னால் அது போச்சு என்றால், என்று நினைத்தாள் அவள். ஒரு கார் சவாரியால் போச்சு என்றால்.

பயிற்சி முடிந்தது. கல்லூரியில் பாடம் எடுக்கும் மற்ற இரண்டு உறுப்பினர்கள் ஏதோ மாநாடு என்று அப்படியே விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள். வியாழக்கிழமை காலையில்தான் திரும்புவார்கள். கார் நிறுத்துமிடத்தில் ஏரிக் காற்று காதை அறுத்தது. நாலு பேரும் மார்லிஸின் காரைச் சுற்றி நின்றார்கள்.

"கதவைத் திறடி, உறைஞ்சு போயிடுவேன்," என்றாள் ஓபல்.

"மதினி, நாம நாலு பேரு."

"வரும்போதும் நாலு பேருதான்."

"அப்ப தெரியாது. இப்ப தெரியும். தெரிஞ்சு செஞ்சா அது வேற."

"பேசாம வர்றோம்," என்றான் ராய்ஸ். "நீயும் நானும் ஒரே கார்ல பேசாம எத்தனை வருஷம் போயிருக்கோம்!"

அப்போதுதான் மார்லிஸ் அந்த ஆளைப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி ஒரு பழைய பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். பழுப்புக் கோட்டு, மூக்குக் கண்ணாடி. கையிலிருந்த போனைப் பார்த்தான், இவர்களைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். பிறகு சுட்டுவிரலை நீட்டி, உதடு அசைய, ஒவ்வொருவராக எண்ணினான். நாலாவதாக வின்ஸ்டனிடம் வந்ததும் விரலை மடக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறிவிட்டான்.

"ஏறுங்க," என்றாள் மார்லிஸ். குரல் கீச்சென்று வந்தது. "எல்லாரும் ஏறுங்க. யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

பேசவில்லை. ரேடியோவைக்கூடப் போடவில்லை. ஏரிக்கரைச் சாலையில் கார் போய்க்கொண்டிருந்தது. ராய்ஸ் மூக்கை உறிஞ்சினான். மார்லிஸ் கண்ணாடியில் அவனை முறைத்தாள். 'இதுவுமா?' என்பதுபோல் அவன் கையை விரித்தான். கார் முனையைக் கடந்தது.

"ஐயோ, கொடி நட்டுட்டானுங்க!" என்று கத்தினான் வின்ஸ்டன்.

உண்மைதான். புல்லில் வரிசையாகச் சின்னச் சின்ன ஆரஞ்சுக் கொடிகள். நிலத்தை அளந்துவிட்டிருந்தார்கள்.

மார்லிஸ் பிரேக்கை மிதித்த மிதியில் ஓபலின் தொப்பி கண்ணுக்கு இறங்கியது.

"இறங்கு."

"சித்தி?"

"இறங்குடா! நீ பேசிட்டே. இன்னும் ஒரு நிமிஷம் நீ உள்ள இருந்தா நாங்களும் பேசிடுவோம். இறங்கு!"

வின்ஸ்டன் இறங்கினான். கார் லேசாக உயர்ந்தது. ஆனால் வீட்டுக்கு இன்னும் வெகு தூரம் இருந்தது. அந்தக் குளிரில் அக்கா பிள்ளையை நடுரோட்டில் விட்டுப் போக மார்லிஸுக்கு மனசு வரவில்லை. அதனால் அவன் சாலையோரமாக நடக்க, அவள் அவனுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஊர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஓபல் சன்னலை இறக்கி, "இந்தா, கையுறையாவது போட்டுக்க," என்று நீட்டினாள். வாங்கிக்கொள்ளக் குனிந்தவன் தலையைக் காருக்குள் விட்டு, "அத்தை, ஹீட்டர் சூடு நல்லாயிருக்கு, ஒரு நிமிஷம் இப்படியே நிக்கிறேனே," என்றான்.

"தலை உள்ள இருந்தா நாலா, மூணா?" என்று கேட்டான் ராய்ஸ்.

"வாயிருக்கிறது தலையிலதானே!" என்று அலறினாள் மார்லிஸ். "வெளிய எடுடா!"

அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கப் வண்டி அவர்களைக் கடந்தது. கடக்கும்போது வேகத்தைக் குறைத்தது. உள்ளே பழுப்புக் கோட்டு. அவன் காரைப் பார்த்தான், சன்னலுக்குள் நுழைந்திருந்த தலையைப் பார்த்தான், உதட்டை அசைத்தான், போய்விட்டான்.

"நம்மளைப் பின்தொடர்றான்," என்றாள் மார்லிஸ். "வக்கீலோட ஆள்."

"அந்த வக்கீலுக்கு இந்தக் குளிர்ல வேற வேலையே இல்ல பாரு," என்றாள் ஓபல். ஆனால் அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அன்று ராத்திரி மார்லிஸ் ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லோரையும் எச்சரித்துவிடுவது நல்லது. போனை எடுத்து ஓபல், ராய்ஸ், வின்ஸ்டன் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்பினாள்: 'முனையைப் பற்றி யாரும் யாரிடமும் பேச வேண்டாம்.'

உடனே ராய்ஸிடமிருந்து பதில்: 'பேசமாட்டேன். ஆனா அந்தக் கொடி அநியாயம்.'

ஓபல் ஒரு சிவப்பு இதயம் போட்டாள். வின்ஸ்டன், 'ராத்திரி லாரியை எடுத்துட்டுப் போய்ப் பிடுங்கிடவா?' என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றையும் சேர்த்திருந்தான்.

மார்லிஸ் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேர். ஒரே இடம். ஒரே விஷயம். கூட்டத்தைக் கூட்டியது வேறு யாருமில்லை, அவளேதான்.

மறுநாள் பஸ்ஸை எடுக்கப் போவதற்கு முன்னால் ஹல்வர்சனுக்குப் போன் போட்டாள்.

"சார், ஒரு சிநேகிதிக்காகக் கேக்கறேன். அவ வேற ஊர்ல, வேற குழுவுல இருக்கா. மத்த மூணு பேருக்குச் சேர்த்து ஒரு செய்தி அனுப்பிட்டா. அழிச்சிடலாமா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அழிக்கச் சொல்லாதீங்க," என்றார் ஹல்வர்சன் அதே ஆஸ்பத்திரிக் குரலில். "பேசினது ஒரு குற்றம்னா, அழிக்கிறது இன்னொரு குற்றம். உங்க சிநேகிதி இதுக்குள்ள அழிச்சிட்டாங்களா?"

மார்லிஸ் ராத்திரியே அழித்திருந்தாள். "தெரியலியே சார்," என்று சொல்லிப் போனை வைத்தாள். இப்போது குற்றம் இரண்டாகிவிட்டது, சட்ட அதிகாரியிடம் சொன்ன பொய்யோடு மூன்று.

அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாரையும் பார்க்காமலிருப்பதே வழி என்று முடிவு செய்தாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. சமூக மையத்தில் புதன்கிழமை விருந்துக்கு அவள்தான் காட்டரிசி சூப் வைப்பதாக எப்போதோ ஒப்புக்கொண்டிருந்தாள். அதற்கு வெங்காயம் வாங்கக் கடைக்குப் போனபோதுகூட, ஓபல் ஒருபோதும் போகாத கடையாகப் பார்த்துத்தான் போனாள்.

வெங்காயக் குவியலுக்கு எதிரே ஓபல் நின்றிருந்தாள். பக்கத்தில் ராய்ஸ்.

"நீ ஏன் இந்தக் கடைக்கு வந்தே?" என்றாள் மார்லிஸ்.

"உன்னைப் பார்க்கக்கூடாதுன்னுதான்," என்றாள் ஓபல். "நேத்திலேருந்து எனக்கும் பயமா இருக்குடி. ஒரு பேஷண்டோட பேசும்போதுகூட இவரு நாலாவது ஆளான்னு பாக்கறேன்."

"நானும் அதுக்குத்தான் வந்தேன்," என்றான் ராய்ஸ். "சரி, இப்ப மூணு பேருதானே. மூணு தப்பில்லையே?"

இல்லைதான். மார்லிஸ் மூச்சுவிட்டாள். விட்ட மூச்சைத் திரும்ப எடுப்பதற்குள், ராய்ஸின் தோளுக்கு மேல், டின்களில் அடைத்த தக்காளிக்குப் பின்னால் ஒரு பழுப்புக் கோட்டு தெரிந்தது. சுட்டுவிரல் நீண்டது. ஒன்று. இரண்டு. மூன்று. விரல் நின்றது. அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டு, ஏமாந்தவன் மாதிரி திரும்பி நடந்தான்.

"பார்த்தீங்களா?" என்று கிசுகிசுத்தாள் மார்லிஸ். "நாலு இல்லேன்னு வருத்தம் அவனுக்கு!"

ராய்ஸின் முகத்திலிருந்து கேலி போய்விட்டது. மூவரும் மூன்று வாசல் வழியாக வெளியே போனார்கள். கடைக்கு இரண்டு வாசல்தான் இருந்தது. ராய்ஸ் சரக்கு இறக்கும் வழியாகப் போனான்.

புதன்கிழமை மத்தியானம் பஸ்கள் நிற்கும் இடத்தில் மார்லிஸ் தன் பஸ்ஸில் தனியாக இருந்தாள். என்ஜினைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துச் சன்னல் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். நிமிர்ந்தாள். பழுப்புக் கோட்டு!

அந்த ஆள் ஏதோ சொன்னான். என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. வாயசைவில் 'கூட்டம்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. அதுவே போதுமானதாக இருந்தது. கதவைப் பூட்டும் பொத்தானுக்குப் பதிலாக அவள் கைக்கு என்னென்னவோ அகப்பட்டது: வைப்பர் ஆடியது, ஹாரன் அலறியது, 'குழந்தைகள் இறங்குகிறார்கள்' என்ற சிவப்புப் பலகை பக்கவாட்டில் விரிந்து அந்த ஆளின் தொப்பியைத் தட்டிவிட்டது. அவன் தொப்பியைப் பொறுக்கக் குனிந்த நேரத்தில் மார்லிஸ் பஸ்ஸை எடுத்தாள். பள்ளிக்கூடம் விட இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஊரை இரண்டு முறை சுற்றி வந்தாள்.

இப்போது வக்கீலின் ஆளைத் தாக்கியதும் சேர்ந்துவிட்டது என்று கணக்குப் பண்ணினாள்.

அன்று மாலை விருந்துக்குப் போகாமலிருந்துவிடலாம் என்று பார்த்தாள். ஆனால் சூப் அவளிடம் இருந்தது. சமூக மையத்தின் கூடம் நிறைந்து வழிந்தது. பொரித்த ரொட்டி வாசனையும் மான் இறைச்சி வாசனையும் வாசலுக்கே வந்து கூப்பிட்டன. மார்லிஸ் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். வின்ஸ்டன் கூடத்துக்குள் வரவே கூடாது. வெளியே நின்று வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொல்ல வேண்டும். சாப்பாட்டை அவனுக்கு ஜன்னல் வழியாகத் தந்துவிடலாம். ஓபல் பரிமாறும் மேஜையிலும், ராய்ஸ் கடைசி வரிசையிலும், மார்லிஸ் அடுக்களை வாசலிலும் இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு மைக்கை வைத்திருந்த ஆர்வில் என்பவர், விருந்துக்கு வருகிறவர்களைப் பேச வைக்காமல் அனுப்பாதவர், கணீரென்று ஆரம்பித்தார்.

"நம்ம புதுக் குழு உறுப்பினருங்க எத்தனை பேரு வந்திருக்கீங்க? எல்லாரும் முன்னாடி வாங்க. வெளிய நிக்கிற அந்தப் பெரிய பையனையும் கூப்பிடுங்கப்பா! நாளைக்கு முனையைப் பத்தி என்ன சொல்லப் போறீங்கன்னு ஆளுக்கு ரெண்டு வார்த்தை இங்கயே சொல்லிட்டுப் போங்க!"

கூடம் கைதட்டியது. கடைசி வரிசையில் ராய்ஸின் நாற்காலி காலியாக இருந்தது. வாசல் கதவு திறந்து, வின்ஸ்டன் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துகொண்டிருந்தான். அவனுக்கும் இவளுக்கும் நடுவில், ஒரு தட்டு நிறைய ரொட்டியோடு, பழுப்புக் கோட்டு. அந்த ஆள் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். விரல் நீண்டது. வின்ஸ்டனைத் தொட்டது, ஓபலைத் தொட்டது, கடைசியில் நேராக மார்லிஸிடம் வந்து நின்றது. தட்டோடு எழுந்தான்.

மார்லிஸ் அடுக்களைக்குள் ஓடினாள். பின்கதவுக்குக் குறுக்கே யாரோ உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரே கதவு, சாமான்களைக் கெடாமல் வைக்கிற குளிரறையின் கதவு. இழுத்துத் திறந்து உள்ளே புகுந்தாள். அவள் பின்னாலேயே ஓபலும் ஓடிவந்தாள்.

"என்னடி ஆச்சு? முகமெல்லாம் சுண்ணாம்பா இருக்கு!"

"வர்றான் மதினி. அவன் வர்றான். கதவைச் சாத்து."

சாத்தினாள். உள்ளே ஒரு மங்கலான பல்பு எரிந்தது. பால் கேன்கள், தொங்கும் மான் தொடைகள், கிரான்பெர்ரி வாளிகள். பால் கேன்களுக்குப் பின்னாலிருந்து யாரோ மெல்லும் சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"நான்தான்," என்றான் ராய்ஸ். மடியில் பாதி தின்ற ஒரு புளூபெர்ரி பை. "ஆர்வில் மைக்கை எடுத்த உடனேயே வந்துட்டேன். அவன் மைக்கை எடுத்தா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்."

"மூணு," என்றாள் மார்லிஸ். பல் தந்தியடித்தது. "மூணு பேருதான். கடவுளே, மூணு பேருதான்."

வெளியே பாத்திரச் சத்தம். யாரோ அடுக்களையில் நடக்கிறார்கள். பிறகு சத்தம் தூரமாகப் போனது. மூவரும் கிரான்பெர்ரி வாளிகள் மேல் உட்கார்ந்தார்கள். மூச்செல்லாம் புகையாக வந்தது.

"நான் ராஜினாமா பண்ணிடறேன்," என்றாள் மார்லிஸ். "என்னால இது முடியாது. கனவுல கூட எண்றேன். அந்தப் பசங்க அங்கதான் கிடக்குதுங்க. ஒரு பேரு கூட வெக்கலை அதுங்களுக்கு. நான் ஒரு வாய் தப்பாப் பேசி, அதுங்க மேல கார் நிறுத்திட்டாங்கன்னா..."

ராய்ஸ் மடியிலிருந்த பலகாரத்தைக் கீழே வைத்தான். தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். பதினாறு வருடங்களில் அவளுக்காக அவன் எதையும் கழற்றியதில்லை.

"நான் எதுக்கு இந்தக் குழுவுக்கு மனு போட்டேன்னு நினைக்கிறே?" என்றான். "கல்யாணமான புதுசுல அந்த ரோட்டுல போகும்போதெல்லாம் நீ காரை மெதுவா ஓட்டுவே. நான் ஒரு தடவை, ஏன் இப்படி ஊர்றேன்னு திட்டிட்டேன். நீ ஒண்ணும் சொல்லலை. உங்க அம்மாதான் அப்புறம் சொன்னாங்க. அதிலேருந்து நான் தனியாப் போனாலும் மெதுவாத்தான் போறேன்."

ஓபல் மூக்கைச் சிந்தினாள். "இதை நீ பதினாறு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாமேடா, மடையா."

அந்தக் குளிரில் மார்லிஸுக்கு முதல் முறையாகப் பயம் கொஞ்சம் இறங்கியது.

"நாம மூணு பேருதானே," என்றாள். "பேசலாம்தானே?"

"தாராளமா," என்றான் ராய்ஸ். "ஹல்வர்சனே வந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது."

பேசினார்கள். மூன்று நாளாக அடைத்து வைத்திருந்தது எல்லாம் கொட்டியது. முனையில் ஒரு கார்கூட நிற்கக்கூடாது. கொடிகளை நட்டவர்களே பிடுங்க வேண்டும். சுற்றி ஒரு வேலி போட வேண்டும், உயரமாக வேண்டாம், உள்ளே இருப்பவர்கள் ஏரியைப் பார்க்கிற உயரத்தில் இருந்தால் போதும் என்றாள் ஓபல். நாளைக்கு யார் முதலில் சொல்வது, யார் வழிமொழிவது என்பதுவரை பேசி முடித்தார்கள்.

"எங்க, ஒத்திகை பார்ப்போம்," என்றாள் ஓபல் உற்சாகமாக. "தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க!"

மூன்று கைகளும் மேலே போயின.

கதவின் கைப்பிடி திரும்பியது.

கைகள் மேலேயே உறைந்து நின்றன. கதவு திறந்தது. பழுப்புக் கோட்டு உள்ளே வந்தது, ஒரு கையில் ரொட்டித் தட்டு. சூடான ரொட்டியின் ஆவி அந்தக் குளிரில் அவனுடைய மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படிந்துவிட்டது. வெளியே யாரும் பார்த்துவிடக்கூடாது என்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டு, கதவை நன்றாக இழுத்துச் சாத்தினான்.

"ஐயோ, கையை இறக்குங்கம்மா, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்," என்றான் அந்த ஆள். "கதவுக்கு வெளிய ஒரே ஒரு குரல்தான் காதுல விழுந்துச்சு, ரொம்ப சந்தோஷம், எனக்கும் அதே கருத்துதான். வேலியைப் பத்தி அந்த அக்கா சொன்னது அருமை. நானும் மூணு நாளா உங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை பேசிடணும்னு அலையறேன். சேர்ந்து நின்னா மூணு பேரு, நாலு பேருன்னு நிக்கிறீங்க, கிட்ட வர முடியலை. தனியா இருந்தா பஸ்ஸை எடுத்துக்கிட்டு ஓடறீங்க. இப்பதான் ரெண்டே ரெண்டு பேரு உள்ள போறதைப் பார்த்தேன். சரி, ரெண்டு பேருன்னா ஆபத்தில்ல, இதான் சமயம்னு..."

பேசிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். மறுபடி மாட்டினான். பால் கேன்களுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்த ராய்ஸைப் பார்த்தான்.

சுட்டுவிரல் தானாக எழுந்தது. மார்லிஸைத் தொட்டது, ஓபலைத் தொட்டது, ராய்ஸைத் தொட்டது. பிறகு மெல்லத் திரும்பி அவனுடைய நெஞ்சிலேயே வந்து நின்றது. தட்டிலிருந்து ஒரு ரொட்டி நழுவி விழுந்தது.

"போச்சு, அந்த ஹல்வர்சன் எனக்குத் தனியாப் பயிற்சி குடுத்தப்பவே படிச்சுப் படிச்சு சொன்னாரே," என்றான் அவன், "நான்தான் உங்க ஏழாவது மெம்பர்!"